படிகத்தின் துடிப்பறிந்த பேரறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சில் எழுவது கோட்டையும் கொத்தளமும், 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கு மரமேறிய கட்டபொம்மனும் ஆவர். 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையைக் காண இன்றும் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குகின்றனர். சற்றே அப்பால் ஒட்டப்பிடாரம், 1872இல் வ. உ. சிதம்பரனார் பிறந்த மண். இன்னும் சற்று நடந்தால் எட்டயபுரம். 1882இல் பாரதி பிறந்த ஊர். வீரத்திற்கும், தேசத் தொண்டிற்கும், கவிதைக்கும் இக்கரிசல் பூமி ஆளுக்கொருவரைத் தந்திருக்கிறது. அறிவியலுக்கு யாரைத் தந்தது என்று மாணவர் ஒருவர் கேட்டால் நம்மில் பலர் விடையின்றித் திகைப்போம். திகைக்க வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சி அடங்கியிருந்த அதே பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், மலையடிவாரத்தில், உலகப் புகழ் பெற்ற இயற்பியலறிஞர் ஒருவர் பிறந்தார். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அவருடைய ஊர் அதனுடன் சென்றது; 1985இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்திற்குச் சென்றது. மாவட்ட எல்லைகள் மாறிமாறி வரையப்பட்டதில், அன்னாரை நம்மவர் என்று கூறும் வழக்கமும் நம்மிடையே மறைந்துபோயிற்று.

அவர்தாம் சர். கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். அறிவியலுலகம் கே. எஸ். கிருஷ்ணன் என்று சுருக்கமாக அழைக்கும். 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். கரிசலின் வறட்சி அவ்வூருக்கு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீர் இறங்கும் இடமாதலின் நெல் விளையும் ஊர். தந்தையார் வேளாண்மை செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமையுடையவர். அப்புலமை மைந்தருக்கும் வாய்த்தது. திருவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் மேற்படிப்பு. படித்து முடித்ததும் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியேற்றார். அங்கு நண்பகல் உணவு வேளையில் அவர் நடத்திய உரையாடல்கள் புகழ்பெற்றவை. பாடத்திட்டம் என்ற வேலி அங்கு இல்லை. இயற்பியலோ வேதியியலோ கணிதமோ, யார் எதைக் கேட்டாலும் அமர்ந்து விளக்குவார். பிற கல்லூரி மாணவரும் அந்நேரத்தில் வந்து கூடுவர் என்பர். ஆசிரியராக இருப்போர் இவ்விடத்தில் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கலாம்: உணவு வேளையில் நம்மைத் தேடி எத்தனை மாணவர் வருகின்றனர்?

1920இல் அவர் கல்கத்தா சென்றார். அங்குதான் சி. வி. இராமன் இருந்தார். 1923இல் பௌபசார் வீதியிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்த கிருஷ்ணன், முதற்பணியாக அறுபத்தைந்து நீர்மங்களை எடுத்துக்கொண்டு, அவை ஒளியை எவ்வாறு சிதறச் செய்கின்றன என்று ஒவ்வொன்றாக அளந்தார். 1925இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அறுபத்தைந்து நீர்மங்களையும் தூசு துளியும் இல்லாமல் தூய்மைப்படுத்தி, கதிரவன் ஒளியைக் குவித்து, இருட்டறையில் கண்ணைப் பழக்கி அளப்பது எத்தகைய பொறுமையைக் கோரும் வேலை என்பதை ஆய்வகத்தில் நின்றவர் அறிவர். பின்னாளில் வந்த பெருங்கண்டுபிடிப்பு ஒரே நாளில் வானத்திலிருந்து குதித்ததன்று. இந்த அறுபத்தைந்து குப்பிகளின்மீதுதான் அது நின்றது.

அக்கண்டுபிடிப்பை அறியுமுன் பொருளின் உள்ளே நிகழும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல் என்றும் உப்பு என்றும் படிகாரம் என்றும் நாம் கையிலெடுக்கும் படிகம் வெளிக்கு அசைவற்றது. உள்ளே ஒரு கணமும் ஓய்வற்றது. அணுக்கள் வரிசை வரிசையாக, அடுக்கடுக்காக அமைந்த கட்டமைப்பை அணிக்கோவை என்கிறோம். ஒவ்வோர் அணுவும் அண்டை அணுக்களோடு விற்சுருளால் பிணைக்கப்பட்டது போன்றது. ஒன்று அசைந்தால் அடுத்தது அசையும். அவ்வசைவு அலையாகப் படிகம் முழுவதும் ஓடும். வெப்பம் என்று நாம் உணர்வது இவ்வதிர்வுகளையே. ஒளி துகள் துகளாக வருவதுபோலவே இவ்வதிர்வும் அளவிட்ட பொட்டலங்களாகத்தான் கொள்ளவும் கொடுக்கவும் படும். அப்பொட்டலத்திற்குப் போனான் என்று பெயர். ஆக, ஒளித்துகள் ஒன்று படிகத்தினுள் நுழையும்போது காலியான மாளிகைக்குள் நுழைவதில்லை. ஆடிக்கொண்டிருக்கும் திருவிழாக் கூட்டத்தினுள் நுழைகிறது. கூட்டத்தில் புகுந்தவன் சிலபோது மடியிலிருப்பதைப் பறிகொடுப்பான். சிலபோது எதையாவது பெற்றுக்கொண்டு வெளியேறுவான். இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் கிருஷ்ணன் வாழ்நாளெல்லாம் வெவ்வேறு வாயில்களில் நின்று கவனித்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

1928 பிப்ரவரி

1928 பிப்ரவரியில் கிருஷ்ணனுக்கு வயது இருபத்தொன்பது. சில காலமாகக் கோட்பாட்டு ஆய்விலேயே மூழ்கியிருந்த அவரை, செய்முறையிலிருந்து நெடுநாள் விலகியிருத்தல் நன்றன்று என்று கூறி இராமன் மீண்டும் ஆய்வுமேசைக்கு அழைத்தார். அந்நாட்களில் கிருஷ்ணன் எழுதிவந்த நாட்குறிப்பு 5ஆம் நாள் தொடங்குகிறது. அறிவியல் வரலாற்றில் அதற்கு ஓர் அரிய இடமுண்டு. முதலில் ஆந்தரசீன் என்னும் பொருளின் ஆவி ஒளிர்வதை ஆராய்ந்தார். 7ஆம் நாள் நீர்மங்களைப் பார்த்தபோது, அவற்றினின்று வெளிப்படும் நிறம் மாறிய மங்கலான ஒளி, ஒருதிசைப்பட்டு அதிர்வதாகக் கண்டார். வழக்கமான ஒளிர்வு அவ்வாறு இராது. அன்றிரவு ஒன்பது மணியளவில் இராமன் அவரது விடுதிக்கே நேரில் வந்து கீழே நின்று அழைத்தார். காலையில் கண்டது, கிராமர்சும் ஐசன்பர்க்கும் கணக்கில் கண்ட விளைவாகத்தான் இருக்கவேண்டும் என்ற கிளர்ச்சி அவருக்கு. பேராசிரியர் ஒருவர் தம் மாணவரின் அறைக்கு இரவில் நடந்துவந்து ஆய்வு பேசும் காட்சி, நம் கல்விக்கூடங்களில் அரிதாகிவிட்ட ஒன்று.

16ஆம் நாள் இருவர் பெயராலும் நேச்சர் இதழுக்குக் கடிதம் சென்றது. மார்ச்சு 31ஆம் நாள் அது அச்சில் வந்தது. பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைமானியை வைத்து நோக்கியபோது, விழுந்த ஒளியின் நிறத்தினின்று தெளிவாகப் பிரிந்து நின்ற வேறொரு நிறப்பகுதி கண்ணுக்குப் புலப்பட்டது. மறுநாள் செய்தித்தாள்களுக்குச் செய்தி சென்றது. அந்த 28ஆம் நாளையே 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறோம்.

கண்டது இதுதான். ஒளித்துகள் மூலக்கூறின்மேல் பட்டுச் சிதறுகையில் மிகப் பெரும்பாலானவை வந்த ஆற்றலோடே திரும்பும். கோடியில் ஒன்றிரண்டு மட்டும் தம் ஆற்றலில் சிறுபகுதியை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, நிறம் சற்றுச் சிவந்து வெளிவரும். இன்னும் சில, ஏற்கெனவே அதிரும் மூலக்கூறிடமிருந்து ஆற்றலைப் பெற்று நீலம் மிகுந்து வெளிவரும். இழந்த அளவை அளந்தால் மூலக்கூறின் துடிப்பு இவ்வளவு என்று கூறிவிடலாம். நோயாளியைத் தொடாமலே நாடி பார்ப்பது போன்ற வித்தை.

நீர்மங்களில் கல்கத்தாவில் இது காணப்பட்ட அதே பிப்ரவரியில், மாஸ்கோவில் லாண்ட்சுபெர்கும் மாண்டெல்சுதாமும் படிகக்கல்லில் இதே விளைவைக் கண்டனர். அவர்கள் கண்டது திண்மப் படிகத்தின் அணிக்கோவை ஒளியோடு நடத்திய கொடுக்கல் வாங்கல். அச்சில் முந்தியது கல்கத்தா. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

கிருஷ்ணனுக்குப் பங்கு இருந்திருக்க வேண்டுமா என்ற வினா இன்றுவரை ஓயவில்லை. முதற்கடிதத்தில் இருவர் பெயரும் உள்ளது. முதன்முதல் ஒருதிசைப்பாட்டைக் கண்டவர் கிருஷ்ணன் என்பதை நாட்குறிப்பு காட்டுகிறது. வினாவை ஏழாண்டுகளாகத் துரத்தியவர், வழியை வகுத்தவர், கண்டதன் பொருளை உடனே உணர்ந்தவர் இராமன் என்பதும் அதே நாட்குறிப்பிலிருந்தே தெரிகிறது. நோபல் உரையில் இராமன் கிருஷ்ணன் பெயரைக் குறிப்பிட்டார். இவ்வெழுத்தாளன் கருத்து ஒன்றே: பரிசைப் பங்கிடாதது முற்றிலும் அநீதி என்று சொல்வதற்கில்லை, ஆயினும் இவ்விளைவை இராமன்–கிருஷ்ணன் விளைவு என்று நம் பாடநூல்களாவது எழுதியிருந்தால் குறைவொன்றும் வந்திராது. கிருஷ்ணன் இதுகுறித்துப் பொதுவில் உரிமைக்குரல் எழுப்பியவரல்லர். அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

டாக்காவில் தொங்கிய படிகம்

1928 டிசம்பரில் டாக்காப் பல்கலைக்கழகத்தில் இணைப்பேராசிரியர் பதவி ஏற்றார். சத்தியேந்திரநாத போசு அங்குப் பேராசிரியராக இருந்தார். கருவி குறைவு, பணமும் குறைவு. கிருஷ்ணன் தேர்ந்தெடுத்த வழியைப் பாருங்கள். சிறு படிகமொன்றை மெல்லிய படிகக்கல் இழையில் காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்கினார். காந்தத்தின் பிடியிலிருந்த படிகம் ஓர் எல்லைவரை பிடிவாதமாக நின்று, அவ்வெல்லை கடந்ததும் சடக்கெனத் திரும்பியது. அந்த எல்லைக் கோணத்திலிருந்து, படிகம் ஒரு திசையில் எவ்வளவு காந்தத்தை ஏற்கிறது, மறுதிசையில் எவ்வளவு ஏற்கிறது என்னும் வேறுபாட்டை நுட்பமாகக் கணக்கிட்டார். பானர்ஜி, குகா முதலிய மாணவர் உடனிருந்தனர். படிகத்தை வெட்டாமல், உடைக்காமல், அதனுள் மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்று இம்முறையால் சொல்ல முடிந்தது. இலண்டனில் எக்சுக் கதிரால் படிகங்களை ஆராய்ந்துவந்த கத்லீன் லான்ஸ்டேல் அம்மையார் இதன் பயனை உணர்ந்தார். 1936இல் கிருஷ்ணனும் அவரும் இணைந்து கட்டுரை வெளியிட்டனர்.

1933இல் கல்கத்தாக் கழகத்திற்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். அங்கு அவரும் சேசன் என்னும் மாணவரும் ஆந்தரசீன் முதலிய படிகங்களின்மீது, ஒருதிசைப்பட்ட ஒளியை வெவ்வேறு கோணத்தில் செலுத்தி, எத்திசையில் படிகம் ஒளியை மிகுதியாக உட்கவர்கிறது என்று ஆராய்ந்தனர். 1928இல் ஆவியாக அவர் கண்ட அதே ஆந்தரசீன், இப்போது படிகமாக அவர் முன் நின்றது. மூலக்கூறு நீளவாட்டில் ஒருவிதமாகவும் குறுக்குவாட்டில் வேறுவிதமாகவும் ஒளியை விழுங்கும். ஆகவே படிகம் ஒரு திசையிலிருந்து பார்த்தால் ஒரு நிறம், மறுதிசையில் பார்த்தால் வேறு நிறம். ஆந்தரசீனும் அதன் இனத்தைச் சேர்ந்தனவும் இன்று கரிமக் குறைகடத்திகள் என வகைப்படுத்தப்பட்டு, மெல்லிய மின்னணுக் கருவிகள் பற்றிய ஆய்வில் தனி இடம் பெற்றுள்ளன. கிருஷ்ணன் ஆராய்ந்த காலத்தில் அவற்றைக் குறைகடத்தி என்று யாரும் அழைக்கவில்லை.

அடுத்து அவர் எடுத்தது பென்சிலில் நாம் காணும் காரீயக்கரி, அதாவது கிராபைட்டு. அதன் அணுக்கள் தட்டுத்தட்டாக, ஓலையடுக்குப்போல் அமைந்தவை. கங்குலி என்பாருடன் ஆராய்ந்து, தட்டின் வழியே மின்சாரம் மிக எளிதாக ஓடுவதையும், தட்டுக்குக் குறுக்கே பன்மடங்கு தடையுற்றே செல்வதையும் 1939இல் வெளியிட்டார். கிராபைட்டின் எலக்ட்ரான்கள் ஒரு தளத்திலேயே சுதந்திரமாகத் திரிகின்றன என்பது அவர் முடிவு. பெரும்பான்மையோர் அறியாத ஒன்றை இங்குக் கூறலாம். அவ்வடுக்கிலிருந்து ஒரே ஓர் ஓலையை மட்டும் உரித்தெடுக்கும் வித்தையை 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் செய்து காட்டினர். 2010இல் நோபல் பரிசு பெற்றனர். கிராபீன் என்னும் அந்த ஓலை ஒன்றா, இரண்டா, பலவா என்று உறுதிசெய்ய உலகெங்கும் ஆய்வகங்கள் பயன்படுத்தும் வழி, அதன் இராமன் நிறமாலையைப் பார்ப்பதே. கிருஷ்ணனின் இருபத்தொன்பது வயது உழைப்பும் நாற்பது வயது உழைப்பும் ஓரிடத்தில் வந்து கைகோத்ததைக் காண அவர் இல்லை.

1937இல் ரூதர்போர்டின் அழைப்பை ஏற்றுக் கேம்பிரிட்சிலும், பிராக்கின் அழைப்பை ஏற்று இலண்டனிலும் சொற்பொழிவாற்றினார். 1940இல் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

அலகாபாத்தும் அணிக்கோவை அதிர்வும்

1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். போர்க்காலம், நுண்கருவி எதுவும் கிடைக்காத காலம். கையில் இருந்தது தாளும் எழுதுகோலும், பாட்டியா என்ற நுண்ணறிவுடைய மாணவருமே. நம் பொருளோடு நேரே இணைவது இக்காலப் பணி.

ஒளி நீர்மத்தில் சிதறுவதை நெடுநாள் அறிந்தவர் கிருஷ்ணன். நீர்மத்தினுள் வெப்பத்தால் ஓயாது எழும் நெகிழ்வலைகளே ஒளிக்குக் கண்ணாடிபோல் நின்று அதைத் திருப்புகின்றன என்று காட்டி, சிதறலை முழுதும் பிரதிபலிப்பாகவே விளக்கலாம் என்று இருவரும் எழுதினர். பிறகு ஒரு துணிவான தாவல். உலோகத்தில் ஓடும் எலக்ட்ரானும் அலைதானே? உலோகத்தின் அணிக்கோவை அதிர்வுகள் ஒளிக்குச் செய்வதையே எலக்ட்ரானுக்கும் செய்தால், அதுதானே மின்தடை? நீர்ம உலோகங்களின் மின்தடையை இவ்வழியில் கணக்கிட்டு 1945இல் வெளியிட்டனர். திண்ம உலோகங்களுக்கும் அதனை விரித்தனர். 1961இல் ஜான் சைமன் வகுத்த நீர்ம உலோகக் கோட்பாட்டிற்கு இது முன்னோடி எனக் கருதப்படுகிறது. பாட்டியா பின்னர் வெளிநாடு சென்றார். மாக்சு பார்னும் எமில் உல்ப்பும் எழுதிய புகழ்பெற்ற ஒளியியல் நூலுக்குப் பங்களித்தோர் வரிசையில் அவர் பெயரையும் காணலாம்.

இதே ஆண்டுகளில் பெங்களூரில் இராமன், படிகத்தின் அதிர்வுகள் எண்ணி முடிக்கத்தக்க சிலவே என்று வாதிட்டு மாக்சு பார்னோடு பெரும்போர் தொடுத்திருந்தார். வைரத்தின் இரண்டாம்படி நிறமாலையை ஆர். எஸ். கிருஷ்ணன் படமெடுத்தபோது, அதில் தென்பட்ட கூர்ங்கோடுகளை இராமன் தம் சான்றாகக் காட்டினார். 1948இல் எலன் சுமித்து என்னும் பெண் அறிஞர் பார்னின் கோட்பாட்டைக் கொண்டே அந்நிறமாலையை விளக்கிக் காட்டினார். பின்னர் வந்த நியூட்ரான் சிதறல் ஆய்வுகளும் பார்ன் பக்கமே சாய்ந்தன. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: வைரத்தை ஆராய்ந்த ஆர். எஸ். கிருஷ்ணன் கேரளத்தவர், நம் கே. எஸ். கிருஷ்ணன் வேறு. விழா மேடைகளில் இருவரையும் ஒருவராக்கிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். நம்மவர் அந்தப் போரில் இறங்கவில்லை. அணிக்கோவை அதிர்வு உலோகத்தில் என்ன செய்கிறது என்று அமைதியாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.

உலோகத்தில் அதிர்வு எலக்ட்ரானைத் தடுக்கிறது. குறைகடத்தியிலோ அதே அதிர்வு ஒளிக்குத் துணைநிற்கவும் செய்யும். சிலிக்கானை எடுத்துக்கொள்வோம். அதன் எலக்ட்ரான்கள் கீழ்த்தளத்தில் கட்டுண்டு கிடக்கின்றன. மேல்தளத்திற்கு ஏறினால்தான் மின்சாரமாக ஓடமுடியும். இடையே 1.12 எலக்ட்ரான் வோல்ட் உயரமுள்ள வெற்றிடம். ஒளித்துகள் அவ்வுயரத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஆயின் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்ப் பழைய வீட்டில் மச்சுக்கு ஏறும் திறப்பு, நிற்பவன் தலைக்கு நேர்மேலே இல்லாமல் கூடத்தின் மறுமூலையில் இருந்தால், ஒருவன் எவ்வளவு பலமாகத் தூக்கிவிட்டாலும் கூரையில்தானே முட்டிக்கொள்ள வேண்டும்? பக்கவாட்டில் தள்ளிவிட இன்னொருவன் தேவை. சிலிக்கானிலும் செருமானியத்திலும் மேல்தளத்தின் தாழ்ந்த வாயில், கீழ்த்தளத்தின் உச்சிக்கு நேர்மேலே இல்லை. உந்தத்தில் வெகுதொலைவு விலகியுள்ளது. ஒளித்துகளுக்கு ஆற்றல் மிகுதி; உந்தமோ பெயரளவே. அணிக்கோவை அதிர்வுக்கு ஆற்றல் சிறிது, உந்தம் பெரிது. ஆகவே ஒளித்துகள் தூக்க, போனான் தள்ள, இருவரும் சேர்ந்தே எலக்ட்ரானை வாயிலில் ஏற்றுகின்றனர். மூவர் ஒரே கணத்தில் சந்திக்க வேண்டியிருப்பதால் நிகழ்வு அரிது. எனவே சிலிக்கான் ஒளியை மெல்லத்தான் விழுங்குகிறது. வாயில் நேர்மேலே அமைந்த காலியம் ஆர்சினைடுக்கு மிகமெல்லிய ஏடு போதும். சிலிக்கானுக்கு அதனினும் பன்மடங்கு தடிப்பு வேண்டும்.

வெப்பம் இங்கு நேரடியாகத் தலையிடுகிறது. படிகம் சூடாயிருந்தால் அதிர்வுகள் நிறைய உண்டு; ஒளி அவற்றிலொன்றைக் கடன் வாங்கிக்கொண்டு, ஆற்றலில் சற்றுக் குறைந்திருந்தாலும் எலக்ட்ரானை ஏற்றிவிடும். மிகக் குளிர்வித்தால் கடன் தர அதிர்வு இல்லை. அப்போது ஒளியே ஓர் அதிர்வைப் படிகத்திற்குக் கொடுத்துத்தான் உந்தக் கணக்கை நேர்செய்யவேண்டும்; அதற்கும் சேர்த்து ஆற்றல் கொண்டுவர வேண்டும். இதனை 1954இல் ஆல், பார்டீன், பிளாட் மூவரும் கோட்பாடாக வகுத்தனர். 1957, 1958ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் மாக்ஃபர்லேனும் உடன் ஆய்ந்தோரும் செருமானியத்தையும் சிலிக்கானையும் குளிர்வித்து அளந்தபோது, உட்கவர்தல் தொடங்கும் விளிம்பு வழவழப்பான சரிவாக இராமல் படிப்படியாக எழுவதைக் கண்டனர். ஒவ்வொரு படியும் ஒருவகை அணிக்கோவை அதிர்வின் கையொப்பம். 1928இல் சிதறிய ஒளியில் வாசித்த துடிப்பை, இப்போது விழுங்கப்பட்ட ஒளியில் வாசித்தனர். சிலிக்கானின் இராமன் கோடு சென்டிமீட்டருக்கு 520 அலை என்னும் இடத்தில் நிற்கும்; ஒரு பச்சை ஒளித்துகளின் ஆற்றலில் அது ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். அச்சிறு பங்கைக் கணக்கில் சேர்க்காமல் சிலிக்கானின் உட்கவர்தலை விளக்கவே இயலாது.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று மாணவர் எண்ணிவிடலாகாது. கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் சுழலும் நம் வறண்ட நிலப்பரப்பில் இப்போது சூரியமின் தகடுகளும் வரிசைவரிசையாக நிற்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016இல் இயங்கத் தொடங்கிற்று. பெரும்பாலான தகடுகள் சிலிக்கானே. மானாவாரிக் கரிசலின் வெயில் அத்தகடுகளுக்கு உணவும் ஆகும், இடையூறும் ஆகும். வெப்பம் ஏற ஏற அணிக்கோவையின் ஆட்டம் மிகுந்து, படிகமும் விரிந்து, அந்த 1.12 இடைவெளி சிறிது சிறிதாகச் சுருங்கும். தகட்டின் மின்னழுத்தம் குறையும். ஒரு பாகை செல்சியசுக்குத் திறனில் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு இழப்பு. சித்திரை நண்பகலில் தகடு தொட முடியாதபடி சுடும்போது, வெயில் மிகுந்தும் விளைச்சல் அதற்கேற்ப மிகாதிருப்பதன் காரணம் இதுவே.

தில்லியில்

1946இல் கிருஷ்ணனுக்குச் சர் பட்டம் கிட்டியது. 1947 சனவரி 4ஆம் நாள் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்திற்கு நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் பொறுப்பேற்றார். 1950 சனவரி 21ஆம் நாள் சர்தார் பட்டேல் கட்டடத்தைத் திறந்துவைத்தார். விடுதலை பெற்ற நாட்டிற்கு ஒரு மீட்டர் எவ்வளவு, ஒரு கிலோகிராம் எவ்வளவு என்று சொல்லவேண்டிய பொறுப்பு அந்த ஆய்வகத்தினுடையது. 1948இல் அமைந்த அணுசக்தி ஆணையத்தில் பாபாவோடும் பட்நாகரோடும் உறுப்பினர். 1949இல் இந்திய அறிவியல் பேராயத்தின் தலைவர். கோப்புகளும் குழுக்களும் விருந்தினர் வரவேற்பும் ஒரு மனிதனின் முழுநாளையும் விழுங்கிவிடும். நல்ல ஆய்வாளர் பலர் அந்நாற்காலியில் அமர்ந்தபின் ஆய்வேட்டில் பெயரிழந்ததை நாம் கண்டுள்ளோம். நாட்டுக்கு ஆய்வகம் கட்டுவதா, தம் ஆய்வைக் காப்பதா என்ற இழுபறி கிருஷ்ணனுக்கும் இருந்தே இருக்கும். அவரும் முன்னைப் போல் எழுதவில்லை. ஆயினும் முற்றும் விடவில்லை. ஜெயின் என்னும் இளைஞரோடு சேர்ந்து, உலோகங்களும் குறைகடத்திகளும் சூடேறும்போது எலக்ட்ரான்களை எவ்வாறு வெளியேற்றுகின்றன என்று ஆராய்ந்து 1952 முதல் வெளியிட்டார். அவ்வரிசையின் முதற்கட்டுரைக்குப் பொருள், பழைய தோழனாகிய கிராபைட்டே. வெற்றிடத்தில் சூடேற்றிய மெல்லிய கம்பியின் நெடுகிலும் வெப்பம் எவ்வாறு பரவியுள்ளது என்னும் கணக்கும் அவரது பிற்காலப் பணிகளுள் ஒன்று. பார்ப்பதற்கு எளிய வினா; எளிய வினாவில் ஆழம் காண்பது அவர் வழக்கம்.

1954இல் பத்மபூசண் வழங்கப்பட்டது. பட்நாகர் பெயரால் நிறுவப்பட்ட பரிசு 1958இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் கிருஷ்ணன். அவர் பேச்சில் இலக்கியமும் பழங்கதைகளும் இயல்பாகக் கலக்கும். தாம் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் அவரிடமிருந்து ஒரு புதுக்கதை கேட்டதாக நேரு மகிழ்ந்து நினைவுகூர்ந்ததுண்டு. தமிழும் வடமொழியும் வத்திராயிருப்பில் தந்தையாரிடமிருந்து பெற்ற சொத்து; தில்லியிலும் அதை அவர் செலவழித்துக்கொண்டேயிருந்தார்.

1961ஆம் ஆண்டு சூன் திங்கள் 14ஆம் நாள் அவர் மறைந்தார். வயது அறுபத்திரண்டு. அரச கழகத்தின் மரபுப்படி அவரது வாழ்க்கையை எழுதும் பணி இருவரிடம் சேர்ந்தது: ஒருவர், தொங்கிய படிகங்களின் காலத்துத் தோழியாகிய கத்லீன் லான்ஸ்டேல், மற்றவர் ஓமி பாபா. 1966 சனவரியில் பாபா விமான விபத்தில் உயிரிழந்தார். கிருஷ்ணனின் வரலாறு அவ்விருவர் பெயரோடும் 1967இல் இலண்டனில் அச்சேறியது.